மச்சாளுக்காக இன்னொரு அடைவா?

கேள்வி: முல்லைத்தீவுப் பக்கம் ஒரு கிராமத்தில் இருக்கிறோம். நான் வணிகக் கல்வி ஆசிரியை. பிடித்தம் எல்லாம் போகக் கைக்கு 62,000 ரூபாய் வரும். கணவருக்கு வயலும் கொஞ்சம் கச்சான் தோட்டமும் இருக்கிறது, அந்த வருமானம் போகத்துக்குப் போகம் மாறும். மகன் உயர்தரம் படிக்கிறான், சோதனைக்கு இன்னும் எட்டு மாதம். கொழும்பு ஆசிரியர்களிடம் சூம் வகுப்பு. எங்கள் ஒழுங்கைக்கு ஃபைபர் வரவில்லை, 4ஜி ரவுட்டர் இரவில் அடிக்கடி நின்றுவிடுகிறது. பக்கத்து வளவில் இருக்கும் மச்சாள், கணவரின் அக்கா, செய்மதி வழி இணையமான ஸ்டார்லிங்க் போடுவோம், மாதக் காசில் பாதி தருகிறேன் என்கிறார். அவருடைய மகன் வீட்டிலிருந்தே வெளிநாட்டு ஆட்களுக்கு வீடியோ எடிட்டிங் செய்கிறான். அவர்கள் வளவு முழுக்கத் தென்னை, அதனால் டிஷ்ஷை எங்கள் கூரையில்தான் வைக்க வேண்டுமாம். கருவி 118,000 ரூபாய், குறைந்த பேக்கேஜ் மாதம் 12,000. என் காப்பை அடைவு வைத்துக் கருவியை எடுக்க நினைக்கிறேன். ஏற்கெனவே ஒரு சங்கிலி அடைவில் இருக்கிறது. அது மச்சாளின் மகன் மோட்டார் சைக்கிள் லீசிங் எடுத்தபோது முற்பணத்துக்கு வைத்தது. 2 லட்சம், மாதம் 2 வீத வட்டி. முதல் இரண்டு மாத வட்டியை அவர் தந்தார், பிறகு நான்தான் கட்டுகிறேன், ஒன்றரை வருடமாகிறது. 12,000 பேக்கேஜ் போதுமா, 15,000 பேக்கேஜ் எடுப்பதா? புயல் நேரத்திலும் உதவும் என்கிறார்களே?

பதில்: பேக்கேஜைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். நான் சங்கிலியைப் பற்றித்தான் முதலில் கேட்பேன். வணிகக் கல்வி படிப்பிக்கிறவருக்கு மாதம் 2 வீதம் என்றால் வருடம் 24 வீதம் என்று நான் விளக்கத் தேவையில்லை. ஆனாலும் அந்த ரசீதை எடுத்து வைத்துக்கொண்டு ஒரு தடவை கூட்டிப் பாருங்கள். மாதம் 4,000. பதினெட்டு மாதத்தில் 72,000. அதில் மச்சாள் தந்தது 8,000, மிச்சம் 64,000 உங்கள் சம்பளத்தில் இருந்து போயிருக்கிறது. கடன் முதலான 2 லட்சம் ஒரு ரூபாயும் குறையவில்லை. மோட்டார் சைக்கிளை ஓடுகிறவர் வேறு, வட்டி கட்டுகிறவர் வேறு.

உங்கள் வீட்டில் பிழையாக நடப்பது இது ஒன்றுதான். மச்சாள் கேட்டால் நகை கடைக்குப் போகிறது, அதன்பிறகு வட்டியை மட்டும் கட்டிக் கட்டி ரசீதைப் புதுப்பிக்கிறீர்கள். இந்தத் தடவை கேட்பது டிஷ் என்பதால் மகனின் படிப்பு என்ற பெயரும் சேர்ந்து வந்திருக்கிறது, அதனால் மறுக்கக் கஷ்டமாக இருக்கிறது. அவ்வளவுதான் வித்தியாசம்.

சரி, கணக்கைப் போடுவோம். காப்பில் 120,000 எடுத்தால் வட்டி மாதம் 2,400. பேக்கேஜ் 12,000. பலரும் மறந்துவிடுவது கரண்டை. ஸ்டார்லிங்கின் வழமையான டிஷ் 75 முதல் 100 வாட் வரை இழுக்கும், அதுவும் நாள் முழுக்க. 75 வாட் என்றே வைத்தாலும் மாதம் 54 யூனிட். இப்போது உங்கள் பில் 75 யூனிட் அளவில் வருகிறது என்றால் அது 130ஐத் தொடும். நம் நாட்டில் யூனிட் கூடக் கூட மேல்படிக்கு ஏறி விலையும் கூடும் என்பது பில் கட்டுகிற எல்லோருக்கும் தெரியும். 90 யூனிட் படியையும் 120 யூனிட் படியையும் ஒரே மாதத்தில் தாண்டுவீர்கள். குறைத்துப் பார்த்தாலும் 2,000 ரூபாய் என்று வையுங்கள். பழைய சங்கிலி வட்டி 4,000. எல்லாம் சேர்த்து 20,400. சம்பளத்தில் மூன்றில் ஒரு பங்கு, அரிசி பருப்பு வாங்க முன்பே.

மச்சாள் பாதி தருவார்தானே என்பீர்கள். தந்தால் 14,400. தராவிட்டால்? ஸ்டார்லிங்க் காசு மாதாமாதம் கார்டில் தானாக வெட்டுப்படும். அந்தக் கார்டு உங்களுடையது. மருமகனுக்கு அந்த மாதம் வேலை வரவில்லை என்றால் நிறுவனத்துக்கு அது கவலை இல்லை, உங்களுக்குத்தான் கவலை. மோட்டார் சைக்கிளுக்கு இரண்டு மாதம் தந்தவர் இதற்கு எத்தனை மாதம் தருவார் என்று என்னைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும்.

முதல் வருடம் முடிய உங்கள் கையால் போனது ஏறக்குறைய 2 லட்சம். காப்பு இன்னும் கடையில், முதல் 120,000 அப்படியே. மகன் சோதனை எழுதி நாலு மாதமாகியிருக்கும், சூம் வகுப்பும் இருக்காது.

இனி மகனுக்கு உண்மையில் என்ன தேவை என்று பாருங்கள். சூம் வகுப்புக்கு நூறு மெகாபிட் வேகம் வேண்டாம், இரண்டு மூன்று மெகாபிட் அறாமல் வந்தால் போதும். டேட்டா மணிக்கு ஒரு ஜிபி அளவில் போகும். கிழமைக்கு எட்டு மணித்தியாலம் வகுப்பு என்றால் மாதம் 35 ஜிபி. இதற்கு 4ஜி தாராளம், அது ஒழுங்காகக் கிடைத்தால். ரவுட்டர் எங்கே இருக்கிறது என்று நீங்கள் எழுதவில்லை. அனேகமாக ஹோலில், டீவிக்குப் பின்னால், தகரக் கூரைக்குக் கீழே. தகரம் சிக்னலை நன்றாக மறைக்கும். முதலில் அதை டவர் இருக்கிற திசை ஜன்னலுக்கு மாற்றுங்கள். அப்புறம் மற்றக் கம்பனி சிம் ஒன்றைக் கடன் வாங்கிப் போனில் போட்டு, வகுப்பு நடக்கிற அதே இரவு நேரத்தில் வேகம் பாருங்கள். பகலில் பார்த்துப் பிரயோசனம் இல்லை. ரவுட்டரின் பின்பக்கம் அன்டெனா பூட்டுகிற துளை இருந்தால், ஒரு குழாயை நட்டு வெளி அன்டெனா ஒன்றை ஏற்றுங்கள். வயரோடு சேர்த்தும் டிஷ் விலையில் ஒரு சின்னப் பங்குதான் வரும். டவரில் ஆட்கள் நெரிந்துதான் வேகம் விழுகிறது என்றால் அன்டெனா உதவாது, அப்போது சிம்மை மாற்றுவதுதான் வழி. பெரும்பாலான ஆசிரியர்கள் பதிவையும் தருவார்கள். இரவு 8 மணி வகுப்பு அறுந்தால் காலை 5 மணிக்குப் பதிவைப் பார்க்கலாம், அந்த நேரத்தில் டவர் வெறுமையாக இருக்கும்.

இன்னொன்று. நீங்கள் பார்த்து வைத்திருக்கும் 12,000 ரூபாய் லைட் பேக்கேஜில், நெரிசல் நேரத்தில் 15,000 கட்டுகிறவர்களுக்குப் பிறகுதான் உங்களுக்கு வேகம் கிடைக்கும். இரவில் இணைப்பு அறுவதுதானே உங்கள் பிரச்சினையே.

ஸ்டார்லிங்க் கூடாத சாமான் என்று நான் சொல்லவில்லை. பழைய செய்மதி இணைப்புகள் 35,786 கிலோமீற்றர் உயரத்தில் இருந்து வந்தன, ஒரு சொல் போய்த் திரும்ப அரை விநாடிக்கு மேலாகும். இவை ஏறக்குறைய 550 கிலோமீற்றரில் சுற்றுவதால் வீடியோவில் கதைக்கலாம், வகுப்பில் கேள்வி கேட்கலாம். 4ஜி எட்டிப் பார்க்காத தீவிலோ மலையிலோ இருக்கிறவருக்கும், டொலரில் உழைக்கிறவருக்கும் அது செலவுக்குத் தகுந்த சாமான்தான். 2025 ஜூலையில் இங்கே வந்ததில் இருந்து எனக்கு வரும் கடிதங்களில் அரைவாசி பேர் அப்படிப்பட்டவர்கள் இல்லை என்பதுதான் எரிச்சல். பக்கத்து வீட்டுக் கூரையில் வெள்ளைத் தட்டு ஏறிவிட்டது, நமக்கும் வேண்டும். அதோடு இது அவசரப்பட்டு வாங்குகிற சாமானும் இல்லை. அமெரிக்காவில் 2022இல் 599 டொலருக்கு விற்ற கருவி பிறகு 349க்கு இறங்கியது. விலை இறங்கக்கூடிய ஒன்றை வாங்க, பல வருடமாக விலை ஏறி வந்த பவுனைக் கொண்டுபோய்க் கடையில் வைக்கிறீர்கள்.

புயல் கதைக்கும் பதில் சொல்கிறேன். 2025 நவம்பரில் டித்வா புயல் அடித்தபோது டவர்கள் செயலிழந்து ஊர் ஊராகத் தொடர்பு அறுந்தது உண்மை. ஆனால் கரண்டும் சேர்ந்துதான் போனது. இன்வேட்டரோ பற்றரியோ இல்லாத வீட்டுக் கூரையில் அந்த டிஷ் சும்மாதான் கிடக்கும். கடும் மழையில் அதற்கும் சிக்னல் தடுமாறும்.

உண்மையில் வேகமான இணைப்பு தேவைப்படுகிறவன் மருமகன். அது அவனுடைய தொழில் முதல். அவனே தன் பெயரில், தன் கார்டில் எடுக்கட்டும். தென்னை மறைக்கிறது என்பதையும் நம்பி இருக்க வேண்டாம். ஸ்டார்லிங்க் ஆப்பில் போன் கமராவை வானத்தைப் பார்த்துச் சுற்றிக் காட்டினால் மரம் எவ்வளவு மறைக்கிறது என்று காசில்லாமல் காட்டும், வாங்க முன்பே பார்க்கலாம். அவர்கள் கிணற்றடியிலோ கேற்றடியிலோ வெளிப்பு இருக்கக்கூடும். இல்லையென்றால் மச்சாளிடம் நேராகச் சொல்லுங்கள்: "மச்சாள், தம்பியின்ர பேரிலயே எடுங்கோ. எங்கட கூரையில வையுங்கோ, அதுக்கு ஒண்டும் வேண்டாம். காப்பு மட்டும் கேக்காதேங்கோ." கணவர் பக்கத்தில் இருக்கும்போது சொல்லுங்கள். அக்காவிடம் அவர் பிறகு தனியாக ஒன்றைச் சொல்லிவிடக் கூடாது. இரண்டு வீட்டுக்கும் பகிர்ந்து காசு வாங்குவது வீட்டுப் பேக்கேஜின் விதிகளுக்கும் பொருந்தாது, அதையும் ஒரு சாட்டாக வைத்துக்கொள்ளலாம்.

டிஷ்ஷுக்காக மாதம் 16,000 புதிதாகக் கட்டத் தயாராகத்தானே இருந்தீர்கள்? அவ்வளவு முடியும் என்றால் அதைச் சங்கிலிக்குக் கட்டுங்கள், வட்டி 4,000 அதற்குள்ளேயே. முதல் மாதமே கடன் முதலில் இருந்து 12,000 கழியும். இப்படியே போனால் 15 மாதத்தில் சங்கிலி கழுத்துக்கு வந்துவிடும். வயலில் நல்ல போகம் வந்தால் அதற்கு முன்பே. கடன் முதலைப் பகுதி பகுதியாக வாங்குவார்களா என்று கடையில் கேளுங்கள். வாங்க மாட்டோம் என்றால், அதே கிழமை இலங்கை வங்கியிலோ மக்கள் வங்கியிலோ அடைவு வட்டி என்ன என்று விசாரித்து, சங்கிலியை அங்கே மாற்றுங்கள். தனியார் கடையின் 24 வீதத்தை விடக் குறைவாகத்தான் இருக்கும். ரசீதில் ஏல நாள் என்ன போட்டிருக்கிறது என்பதையும் இன்றைக்கே பாருங்கள், ஒன்றரை வருடமாகப் புதுப்பித்த ரசீது அது.