வாசகர் கேள்வி – பதில்: ஈப்போ திடலுக்குச் சைக்கிளில் போகும் பிள்ளைகள்

கேள்வி: என் மகன் ஐந்தாம் படிவத்தில் படிக்கிறான். சனி, ஞாயிறு வந்துவிட்டால் நண்பர்கள் இருவரோடு சைக்கிளை எடுத்துக்கொண்டு ஈப்போவுக்குப் போய், அங்கே நடக்கும் பேஸ்பால், சாஃப்ட்பால் ஆட்டங்களைப் பார்த்துவிட்டு இருட்டிய பிறகுதான் வீடு திரும்புகிறான். ஆட்டம் எத்தனை மணிக்கு முடியும் என்று கேட்டால் "தெரியாதுப்பா" என்கிறான். தோட்டத்துத் திடலில் காற்பந்து பார்த்து வளர்ந்த எனக்கு இந்த விளையாட்டு ஒன்றும் புரியவில்லை. போகாதே என்று தடுப்பதா, அல்லது சீக்கிரம் வந்து சேரட்டும் என்று பழைய மோட்டார் சைக்கிள் ஒன்றை வாங்கிக் கொடுப்பதா?
– ஒரு தந்தை, சுங்கை சிப்புட்

பதில்: ஐயா, உங்கள் மகன் உண்மையைத்தான் சொல்கிறான். காற்பந்தில் 90 நிமிடம் ஆனதும் நடுவர் விசில் ஊதிவிடுவார். பேஸ்பாலில் ஆட்டத்தை முடித்துவைக்கும் கடிகாரம் கிடையாது. ஒவ்வோர் அணியும் ஒன்பது முறை மட்டை பிடிக்க வேண்டும். ஒரு முறை முடிவதற்கு மூன்று பேர் ஆட்டமிழக்க வேண்டும். இரண்டு அணிகளும் ஒரு முறை மட்டை பிடித்து முடிப்பதே ஓர் இன்னிங்ஸ். ஒன்பதும் முடிந்து ஓட்டங்கள் சமமாக இருந்தால், ஓர் அணி முந்தும்வரை ஆட்டம் தொடரும். 1981ஆம் ஆண்டு அமெரிக்காவின் பாவ்டக்கெட் நகரில் தொடங்கிய ஓர் ஆட்டம் மறுநாள் விடியற்காலை நான்கு மணி கடந்தும் முடியாமல் நிறுத்தப்பட்டு, இரண்டு மாதங்களுக்குப் பிறகு 33ஆவது இன்னிங்ஸில்தான் முடிந்தது. மொத்தம் 8 மணி 25 நிமிடம் ஆடியிருக்கிறார்கள். நம் பள்ளிகளில் அதிகம் ஆடப்படும் சாஃப்ட்பாலுக்கு ஏழு இன்னிங்ஸ்தான் என்பதால் அது பெரும்பாலும் விரைவில் முடியும். ஆனாலும் மணி சொல்ல முடியாது என்பது அதற்கும் பொருந்தும்.

ஆகவே, ஆட்டம் முடிந்ததும் வா என்று அவனிடம் சொல்வதில் பயனில்லை. எத்தனை மணிக்குத் திடலை விட்டுக் கிளம்ப வேண்டும் என்பதை நீங்கள் இருவரும் வீட்டிலேயே பேசி முடிவு செய்துவிடுங்கள். சுங்கை சிப்புட்டிலிருந்து ஈப்போ ஏறக்குறைய 30 கிலோமீட்டர். பழகிய கால் என்றாலும், சாலைச் சந்திப்புகளையும் தண்ணீர் குடிக்க நிற்பதையும் சேர்த்தால் இரண்டு மணி நேரம் வேண்டும். ஆண்டின் கடைசி மாதங்களில் நம் பக்கம் 7 மணி வாக்கிலேயே பொழுது சாய்ந்துவிடுகிறது. எனவே மாலை 4.30-க்கு மேல் ஒரு நிமிடமும் தங்கக் கூடாது, எந்த அணி முன்னிலையில் இருந்தாலும் சரி. விறுவிறுப்பான கட்டத்தில் எழுந்து வருவது அந்த வயதில் எவ்வளவு கடினம் என்பதை நான் அறிவேன். அதனால்தான் இதை முன்கூட்டியே பேசி வைக்கச் சொல்கிறேன்.

காலைப் புறப்பாட்டிலும் ஒரு கவனம் தேவை. 1982-இல் தீபகற்ப மலேசியாவின் கடிகாரம் அரை மணி நேரம் முன்னே நகர்த்தப்பட்டதிலிருந்து நமக்குச் சூரியன் உதிப்பதே 7 மணியை ஒட்டித்தான். ஆறு மணிக்குப் புறப்படும் பிள்ளைகள் அரையிருட்டில்தான் சைக்கிள் மிதிக்கிறார்கள். ஈப்போவுக்குப் போகும் பழைய கூட்டரசுச் சாலையில் கந்தான் பகுதியைக் கடக்கும்போது, சுண்ணாம்புக் குன்றுகளும் சிமெண்டுத் தொழிற்சாலையும் இருப்பதால் கனரக லோரிகளின் நடமாட்டம் அதிகம். பெரிய லோரி வேகமாகக் கடக்கும்போது காற்று முதலில் சைக்கிளை வெளியே தள்ளி, பிறகு லோரியின் பக்கமாக உள்ளே இழுக்கும். ஹேண்டிலை இறுக்கிப் பிடித்து நேராகப் போகத் தெரியாத பிள்ளை அங்கே தடுமாறிவிடும். மூவரும் பேசிக்கொண்டு பக்கம் பக்கமாகப் போகாமல் ஒருவர் பின் ஒருவராகப் போக வேண்டும். சாலைச் சந்திப்பில் நிற்கும் லோரியின் இடப்பக்கமாக நுழையவே கூடாது, ஏனெனில் அந்த இடம் ஓட்டுநரின் கண்ணில் படாது. முன்னால் வெள்ளை விளக்கு, பின்னால் சிவப்பு விளக்கு, தலைக்கவசம், வெளிர் நிறச் சட்டை ஆகியவை இல்லாமல் வாசலைத் தாண்ட விடாதீர்கள்.

மழையைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். நம் நாட்டில் மதியத்துக்கு மேல் திரளும் இடிமழை திறந்த திடலில் மிகவும் ஆபத்தானது. மின்னலுக்கும் இடிக்கும் இடையே 30 வினாடிக்குக் குறைவாக இருந்தால் கட்டடத்துக்குள் போய்விட வேண்டும். கடைசி இடி கேட்டு அரை மணி நேரம் ஆகும்வரை வெளியே வரக் கூடாது. அதனால் தாமதமாகி இருட்டிவிட்டால், உங்களைத் தொலைபேசியில் அழைக்கத் தயங்க வேண்டாம், திட்டு விழாது என்று இன்றே அவனுக்கு வாக்குக் கொடுங்கள். திட்டுக்குப் பயந்து இருட்டில் மிதித்து வரும் பிள்ளைதான் அதிக ஆபத்தில் இருக்கிறது.

மோட்டார் சைக்கிள் வேண்டாம் ஐயா. நம் நாட்டில் சாலை விபத்துகளில் உயிரிழப்போரில் பாதிக்கும் மேற்பட்டவர்கள் மோட்டார் சைக்கிளில் சென்றவர்கள். 16 வயதில் உரிமம் எடுக்கலாம் என்று சட்டம் இடம் கொடுப்பதாலேயே, ஆட்டம் பார்க்க ஒன்று வாங்கித் தர வேண்டும் என்பதில்லை. ஐந்தாம் படிவத்தின் இறுதித் தேர்வான எஸ்பிஎம் எழுதும் ஆண்டு என்பதால், இரண்டு நாளில் ஒரு நாளைப் பாடத்துக்கு ஒதுக்கும்படி கேளுங்கள். அது நியாயமான பேரம்.

இவை எல்லாவற்றையும்விட நான் வலியுறுத்த விரும்புவது வேறொன்று. ஒரு ஞாயிற்றுக்கிழமை நீங்களும் பேருந்து பிடித்துப் போய் அவன் பக்கத்தில் உட்காருங்கள். ஒரு நோட்டுப் புத்தகத்தைக் கொடுத்து, ஸ்கோர் எழுதுவது எப்படி என்று அவனையே சொல்லித்தரச் சொல்லுங்கள். தோட்டத்தில் காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக் களத்தில், வருகைப் பதிவேடான செக்ரோல் எழுதுவதைப் பார்த்தவருக்கு அது எளிதில் பிடிபடும். தடுக்கும் அணியின் ஒன்பது பேருக்கும் ஆளுக்கோர் எண் உண்டு: பந்து வீசும் பிட்சர் 1, அவருக்கு எதிரே பிடிக்கும் கேட்சர் 2, முதல் பேஸில் (ஓட்டக்காரர் வரிசையாகத் தொட்டுச் செல்ல வேண்டிய நிலைகளில் முதலாவதில்) நிற்பவர் 3, இரண்டாவது பேஸுக்கு 4, மூன்றாவது பேஸுக்கு 5, இரண்டாவது பேஸுக்கும் மூன்றாவது பேஸுக்கும் நடுவே நிற்கும் ஷார்ட்ஸ்டாப் 6, வெளித்திடலில் இடமிருந்து வலமாக 7, 8, 9. முதல் பேஸில் ஓர் ஓட்டக்காரர் இருக்கும்போது, அடித்த பந்து தரையில் உருண்டு ஷார்ட்ஸ்டாப்பிடம் போகிறது; அவர் இரண்டாவது பேஸுக்கு எறிகிறார்; அங்கிருப்பவர் ஓட்டக்காரர் வருவதற்குள் பேஸை மிதித்துவிட்டு, அதே வேகத்தில் முதல் பேஸுக்கு எறிகிறார்; மட்டையாளர் வருவதற்குள் பந்து அங்கே போய்ச் சேர்கிறது. இருவர் அவுட். நோட்டில் 6-4-3 என்று மட்டும் எழுதுவார்கள். பந்து போன வழி முழுவதும் அந்த மூன்று எண்களில் இருக்கிறது. இந்தக் கணக்கெழுதும் முறையை வளர்த்தவர்களில் முதன்மையானவர் ஹென்றி சாட்விக். இங்கிலாந்தில் பிறந்து, முதலில் கிரிக்கெட் ஆட்டங்களைப் பற்றி எழுதிவந்த பத்திரிகையாளர் அவர். அப்படி 6-4-3 ஒன்றை நீங்களே எழுதிவிட்டால், உங்கள் மகன் ஏன் வெயிலில் அவ்வளவு தூரம் மிதித்துப் போகிறான் என்பது உங்களுக்கே விளங்கும்.

கேள்வி: பந்தை அடிக்கத் தவறினால் ஸ்ட்ரைக், மூன்று ஸ்ட்ரைக் ஆனால் அவுட் என்கிறார்கள். ஆனால் சென்ற வாரம் பார்த்த சாஃப்ட்பால் ஆட்டத்தில், மூன்றாவது ஸ்ட்ரைக்கையும் கோட்டைவிட்ட ஒரு பெண், அவுட் ஆகாமல் முதல் பேஸுக்கு ஓடிப் போய் நின்றுகொண்டார். நடுவரும் அனுமதித்தார். இது எப்படிச் சரியாகும்?
– படிவம் மூன்று மாணவி, சுங்கை சிப்புட் அருகே ஒரு தோட்டம்

பதில்: தங்கையே, நன்றாகக் கவனித்திருக்கிறாய். மூன்றாவது ஸ்ட்ரைக் பந்தைக் கேட்சர் தரையில் படாமல் பிடித்தால்தான் அந்த அவுட் முழுமையாகும். அவர் தவறவிட்டால், மட்டையாளர் முதல் பேஸுக்கு ஓடலாம். பந்து அவருக்கு முன்னால் அங்கே போய்ச் சேர்ந்தால் அவுட், இல்லாவிட்டால் தப்பித்தார். ஆனால் முதல் பேஸ் காலியாக இருக்க வேண்டும், அல்லது ஏற்கெனவே இருவர் அவுட் ஆகியிருக்க வேண்டும். அந்த நிபந்தனை மிகவும் நுட்பமானது. அது இல்லாவிட்டால், முதல் பேஸில் ஆள் இருக்கும்போது கேட்சர் வேண்டுமென்றே பந்தைக் கீழே போட்டு, ஓடியே தீர வேண்டிய இருவரையும் ஒரே மூச்சில் வெளியேற்றிவிடுவார். அடுத்த முறை கேட்சருக்குப் பின்னால் வலைக்கு அருகில் உட்கார்ந்து பார். பந்து நழுவியதும் அவர் எவ்வளவு வேகமாகத் திரும்புகிறார் என்பது அங்கிருந்து தெளிவாகத் தெரியும்.

கேள்வி: வடக்கு–தெற்கு நெடுஞ்சாலை வழியாகச் சைக்கிளில் போனால் லோரித் தொல்லை குறையுமா?
– அந்த மூன்று நண்பர்களில் ஒருவன்

பதில்: நெடுஞ்சாலையில் சைக்கிளுக்கு அனுமதி கிடையாது தம்பி. மோட்டார் சைக்கிள்கள் போவதைப் பார்த்து நீங்களும் நுழைந்துவிடாதீர்கள். பழைய சாலையிலேயே போங்கள்; வழியில் உள்ள செம்மோரில் ஒரு கடையில் பத்து நிமிடம் உட்கார்ந்து தண்ணீர் குடித்து, மூவரின் பிரேக்கையும் டயரையும் ஒரு முறை பார்த்துவிட்டுப் புறப்படுங்கள்.