லிலியான் துராம் எப்படிப்பட்ட டிஃபெண்டர்? ஓய்வுக்குப் பிறகு என்ன செய்கிறார்?

பிரான்ஸ் கால்பந்து வீரர் துராம் என்றதும் எல்லோரும் அந்த இரண்டு கோலைத்தான் சொல்வார்கள். பிரான்சுக்காக 142 ஆட்டங்களில் அவர் அடித்ததே அவ்வளவுதான். இரண்டும் 1998 உலகக் கோப்பை அரையிறுதியில், குரோயேஷியாவுக்கு எதிராக. நான் பார்க்கச் சொல்வது முதல் கோலுக்குச் சற்று முன் நடந்ததை.

இடைவேளை முடிந்த கையோடு குரோயேஷியா தாக்கியது. பிரான்சின் பின்வரிசை முன்னேறிவிட்டது, வலப்பக்கம் துராம் மட்டும் பின்தங்கிவிட்டார். பந்து தட்டப்படும் நொடியில் எதிரணி ஆள் கடைசி டிஃபெண்டரைத் தாண்டி நின்றால் அது ஆஃப்சைடு, விதிமீறல். அந்தக் கோட்டைப் பின்வரிசை நால்வரும் சேர்ந்துதான் போட முடியும். ஒருவர் பின்னால் நின்றால் கோடு அவர் காலடிக்கு இறங்கிவிடும். குரோயேஷிய ஸ்ட்ரைக்கர் (கோலடிக்கும் முன்வரிசை ஆள்) சூக்கருக்கு அது போதுமாக இருந்தது, கோல் அடித்தார். அடுத்த நிமிடமே துராம் மேலேறி, குரோயேஷியாவின் போபனிடமிருந்து பந்தைப் பறித்து, சக வீரர் ஜோர்காயெஃபிடம் கொடுத்து, திரும்ப வாங்கி அடித்தார். பிறகு இடக்காலால் இன்னொன்று. பிரான்ஸ் 2-1 என வென்றது. தவறு செய்த டிஃபெண்டர்கள் பெரும்பாலும் அதன்பின் ஒடுங்கி ஆடுவார்கள். இவர் அப்படி ஆடவில்லை.

அப்போது பிரான்ஸ் அவரை ரைட் பேக்காக, அதாவது வலது ஓர டிஃபெண்டராக ஆடவிட்டது. ஆனால் அவரது முழுத் திறனைப் பார்க்க வேண்டுமானால் இத்தாலிய கிளப் பார்மாவில்தான் பார்க்க வேண்டும். மூவர் பின்வரிசையில் வலது ஆள் எதிரணி ஸ்ட்ரைக்கரை உடலால் தாங்க வேண்டும். ஓரமாக ஏறி இறங்கி ஆடும் விங் பேக் முன்னேறிப் போனால் காலியாகும் ஓரத்துக்கும் ஓட வேண்டும். பலமும் வேகமும் ஒருவரிடமே இருப்பது அரிது. பின்னால் கோல்கீப்பர் புஃபோன், பக்கத்தில் டிஃபெண்டர் கன்னவாரோ. 1999இல் ஐரோப்பிய கிளப்புகளுக்கான யுஇஎஃப்ஏ கோப்பையும் இத்தாலியக் கோப்பையும் வந்தன. 2001இல் யுவென்டஸ் கிளப்புக்கும் 2006இல் பார்சிலோனாவுக்கும் போனார். 2006 உலகக் கோப்பையில் 34 வயதில் சென்டர் பேக்காக (நடு டிஃபெண்டராக) இறுதியாட்டம் வரை ஆடினார்.

2008இல் பாரிஸ் செயின்ட் ஜெர்மன் கிளப்புக்குப் போகவிருந்தபோது, மருத்துவப் பரிசோதனையில் இதயக் கோளாறு தெரிந்தது. இவ்வகைக் கோளாறுகள் பல வெளியே தெரியாது. உச்ச வேக ஓட்டத்தில் துடிப்பு தாறுமாறாகி உயிரையே பறிக்கலாம். 36 வயதில் ஆட்டத்தை நிறுத்தினார். சரியான முடிவு.

அதே ஆண்டு இனவெறிக்கு எதிரான கல்விக்கென அறக்கட்டளை தொடங்கினார். யாரும் இனவெறியோடு பிறப்பதில்லை, அது கற்றுக்கொள்ளப்படுவது என்பது அவர் வாதம். அதனால்தான் பள்ளிப் பிள்ளைகளிடம் போகிறார். கரீபியனில் உள்ள பிரெஞ்சுப் பகுதியான குவாதலூப் தீவிலிருந்து ஒன்பது வயதில் பாரிஸ் பக்கம் வந்தபோதுதான் தன் நிறம் மற்றவர்களுக்கு ஒரு விஷயம் என்று அவருக்கே தெரிந்ததாம். மகன்கள் இருவரும் கால்பந்து வீரர்கள்தான், ஆனால் டிஃபெண்டர்கள் இல்லை. கறுப்பினத் தலைவர் மார்கஸ் கார்வியின் பெயர் மூத்தவருக்கு; எகிப்திய மன்னர் கெஃப்ரெனின் பெயர் இளையவருக்கு.