பேஸ்புக்கில் எழுதிய ஊர்: கடிதமும் பதிலும்

வணக்கம் அண்ணா,

நான் முல்லைத்தீவு மாவட்டத்தில் துணுக்காய்ப் பக்கம். இப்போது ஜெர்மனியில் இருக்கிறேன். குளம், காலபோக நெல் விதைப்பு, கோயில், பழைய ஆட்கள் என்று ஊரைப் பற்றிப் பேஸ்புக்கில் எழுதி வருகிறேன். ஊராட்கள் கீழே வந்து நிறையச் சொல்வார்கள். ஆனால் போன வருடம் எழுதிய ஒன்றை இப்போது எனக்கே தேடி எடுக்க முடியவில்லை. சொந்தமாக ஒரு வலைப்பதிவு தொடங்கச் சொல்லுகிறார்கள். அப்படியென்றால் பேஸ்புக்கை விட்டுவிட வேண்டுமா? லிங்க் போட்டால் ஒருவரும் அமத்திப் பார்ப்பதில்லையே. அப்பா பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துருவில் அடித்து வைத்த ஊர்க்குறிப்புகளும் ஒரு பென் டிரைவில் கிடக்கின்றன. அவற்றை எப்படிப் போடுவது? இன்னொன்று, பெரியம்மாவின் காணி பெர்மிற்றைப் படம் எடுத்துப் போட்டதற்கு அவ சரியான கோபம். நான் நல்லதுக்குத்தானே போட்டேன்?

(பெயர் வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்)

அன்பின் தங்கைக்கு,

பேஸ்புக்கை விட வேண்டாம். ஊராட்கள் அங்கேதான் நிற்கிறார்கள். ஆனால் அது சந்தி. சந்தியில் கதைக்கலாம், காணி உறுதியை அங்கே வைத்துவிட்டு வர முடியாது. எழுதுவதை முதலில் உங்கள் சொந்த முகவரியில் போடுங்கள், பிறகு பேஸ்புக்குக்குக் கொண்டுபோங்கள். இந்த ஒழுங்கு மாறக் கூடாது.

காரணம் தேடல்தான். பேஸ்புக்கில் எழுதுவது பெரும்பாலும் கூகுளில் வராது. இடப்பெயர்வுகளில் வீட்டு அல்பமும் பள்ளிக்கூட இடாப்பும் தொலைந்துபோன ஊர்கள் எங்களுடையவை. மல்லாவியில் இருக்கிற ஒரு பிள்ளை தன் ஊர்ப்பெயரை அடித்தால் நீங்கள் எழுதியது முன்னுக்கு வர வேண்டும். இன்னொன்றும் உண்டு. 2018 மார்ச், 2019 ஏப்ரல், 2022 ஏப்ரல் என்று இலங்கையில் சமூக ஊடகங்களை முடக்கிய நாட்களில் சாதாரண இணையத்தளங்கள் வழமைபோலத் திறந்தன.

தொடங்குவதற்குப் பெரிய செலவில்லை. வலைப்பதிவு எழுதக் கூகுள் தரும் புளொக்கர் இலவசம், சொந்த டொமைனை, அதாவது உங்கள் தளத்துக்கென்று வாங்கும் பெயரை, அதில் இணைக்கவும் காசு கேட்பதில்லை. ஆகவே காசைப் பெயருக்கு மட்டும் செலவழியுங்கள். டொட் கொம் பெயர் ஒன்று வருடத்துக்குப் பத்துப் பதினைந்து டொலர் வரும். அதை உங்கள் பெயரில், உங்கள் மின்னஞ்சலில், உங்கள் கார்டில் வாங்குங்கள். தெரிந்த பொடியன் ஒருவன் தன் கணக்கில் வாங்கித் தருகிறேன் என்றால் வேண்டாம் என்று சொல்லுங்கள். அவன் வேலை மாறி, போன் இலக்கமும் மாறிய பிறகு அந்தப் பெயரை மீட்பது பெரிய தலையிடி. பெயரை உங்கள் பக்கத்தோடு இணைக்கப் புளொக்கர் இரண்டு சீநேம் (CNAME) பதிவுகளைத் தரும், அவற்றை டொமைன் வாங்கிய இடத்தில் போட வேண்டும். வேலை செய்யத் தொடங்க ஒரு நாள் வரை எடுக்கலாம். முகப்பு மூன்று டபிள்யூவோடு அடித்தால் திறக்கிறது, இல்லாமல் அடித்தால் திறக்கவில்லை என்றால், அமைப்பில் டொமைன் திருப்பிவிடலை இயக்கினீர்களா என்று முதலில் பாருங்கள். பிறகு வேர்ட்பிரஸ் என்ற வேறு வலைப்பதிவுச் செயலிக்கு மாறினாலும் முகவரி உங்களோடேயே வரும்.

கூகுள் கணக்கு ஊர் சிம்மோடு இணைந்திருந்தால் இன்றைக்கே மாற்றுங்கள். ரீலோட் போடாத சிம் செத்துவிடும், பிறகு உள்நுழையக் கேட்கும் குறியீடு வராது. கணக்கில் பத்து மாற்றுக் குறியீடுகளை எடுக்கலாம். ஒவ்வொன்றும் எட்டு இலக்கம். தாளில் எழுதிப் பாஸ்போட்டோடு வையுங்கள்.

பழையதை எடுக்க, பேஸ்புக் அமைப்பில் உங்கள் தகவல்களைத் தரவிறக்கும் இடத்துக்குப் போங்கள். அங்கே எச்ரிஎம்எல் (HTML), ஜேசன் (JSON) என்று இரண்டு வடிவம் கேட்கும். தமிழில் எழுதுகிறவர்கள் எச்ரிஎம்எல்லைத்தான் எடுக்க வேண்டும். ஜேசனை எடுத்தால் தமிழ் எழுத்து ஒவ்வொன்றும் மூன்று துண்டாக உடைந்து குப்பையாக வரும். அதைச் சீர்செய்ய நிரல் எழுதத் தெரிய வேண்டும். படத் தரத்தை உயர்வுக்கு மாற்றுங்கள். அப்படி மாற்றினாலும் நீங்கள் முதலில் ஏற்றிய அளவு கிடைக்காது, நீளப்பக்கம் 2048 புள்ளிக்கு (பிக்சல்) மேல் பேஸ்புக் பெரும்பாலும் வைத்திருப்பதில்லை. மூலப்படங்கள் போனில் இருந்தால் அவற்றை அழிக்காதீர்கள்.

அந்தத் தரவிறக்கத்தில் வராத ஒன்று, மற்றவர்கள் உங்களுக்கு எழுதிய பின்னூட்டங்கள். ஊர்ப்பதிவில் அரைவாசிச் சங்கதி அங்கேதான் இருக்கும். படத்தில் இரண்டாவதாக நிற்கிறவர் யார், குளத்தின் துருசை (மதகை) எந்த வருடம் திருத்தினார்கள், பழைய பாதை எந்தப் பக்கத்தால் போனது என்று யாரோ ஒருவர் எழுதியிருப்பார். அவற்றைக் கையால் பிரதி எடுங்கள். எழுதியவரிடம் ஒருக்கால் கேட்டுவிட்டுப் பதிவின் அடியில் சேருங்கள்.

இனி அப்பாவின் பாமினிக் கோப்பு. இதில் அவசரப்படாதீர்கள், பிழை பிடிக்கிற இடம் இதுதான். பாமினியில் அடித்தது கண்ணுக்குத்தான் தமிழ். தமிழ் என்ற சொல் கோப்புக்குள் ஜே, கே, பி, ஓ, அரைப்புள்ளி என்று ஐந்து ஆங்கில அடையாளமாகக் கிடக்கும். எழுத்துரு இல்லாத கணினியில் ஆங்கிலக் குப்பை தெரிவது அதனால்தான். இன்று இணையத்தில் எல்லாரும் பயன்படுத்தும் யுனிக்கோடு முறைக்கு மாற்றும் கருவிகள் இணையத்தில் இலவசமாக உண்டு. ஒரே மூச்சில் முழுக் கோப்பையும் கொட்டாமல் இரண்டு மூன்று பக்கமாக மாற்றுங்கள், ஆங்கிலச் சொற்களையும் மின்னஞ்சல் முகவரிகளையும் முதலே வெட்டி எடுத்து வையுங்கள். கருவிக்கு ஆங்கிலம் எது, பாமினி எது என்று தெரியாது.

மாற்றிய பிறகு இரண்டு பிழையைத் தேடுங்கள். முதலாவது, பாமினியில் ரகரத்தை அடிக்காமல் அதற்குப் பதிலாகக் காலை (ா) அடித்துக் குற்று, அதாவது மேற்புள்ளி, போடுகிற வழக்கம் இருந்தது. நல்ல கருவி அதைத் திருத்திவிடும், மற்றது அப்படியே விட்டுவிடும். அப்போது கமக்காரர் என்பது கமக்காரா் என்று வரும். கண்ணுக்கு இரண்டும் ஒன்றுபோலத்தான். ஆனால் தேடினால் இரண்டாவது அகப்படாது. தமிழில் காலுக்குப் பிறகு குற்று வரவே வராது. ஆகவே யோசிக்காமல் "ா்" என்பதைத் தேடி "ர்" என்று முழுக்க மாற்றலாம். அதேபோல "ாி" வந்த இடத்தில் "ரி", "ாீ" வந்த இடத்தில் "ரீ". இரண்டாவது, பாமினியில் இகரம் இருப்பது காற்புள்ளி விசையில். கோப்பின் இடையிலே வேறு எழுத்துருவில் காற்புள்ளி அடித்திருந்தால், மாற்றும்போது "விதைத்தான்இ அறுத்தான்" என்று வந்து நிற்கும். எங்கள் பத்திரிகைகளின் தளங்களிலேயே இதைக் காணலாம். சொல்லின் வாலில் ஒட்டி, பின்னுக்கு இடைவெளியோடு நிற்கும் "இ" எல்லாமே காற்புள்ளிதான். பழைய கோப்பை மட்டும் அழிக்காதீர்கள். ஐயம் வந்தால் ஒப்பிட அதுதான் சாட்சி.

எழுதும் முறையிலும் சில பழக்கங்களை மாற்ற வேண்டியிருக்கும். பேஸ்புக்கில் "இன்று காலை", "இந்த முறை போகம்" என்று எழுதலாம், பக்கத்தில் தேதி நிற்கும். சொந்தத் தளத்தில் 2024/25 காலபோகம் என்று எழுதுங்கள். ஊர்ப்பெயரை மட்டும் எழுதி விடாதீர்கள். கல்மடு கிளிநொச்சியிலும் உண்டு, வவுனியாவிலும் உண்டு. மாவட்டமும் பிரதேச செயலர் பிரிவும் ஒருமுறை வர வேண்டும். பிள்ளைகள் ஆங்கில எழுத்தில்தான் தேடுவார்கள், ஆகவே ஊர்ப்பெயரின் ஆங்கில எழுத்துக்கூட்டலையும் பதிவில் ஓரிடத்தில் வையுங்கள். கோயில் மலரின் பக்கத்தைப் படமாகப் போட்டால் அதற்குள் இருப்பது தேடலுக்குத் தெரியாது என்றே எண்ணிக்கொள்ளுங்கள். தலைப்பையும் முதல் பந்தியையுமாவது தட்டெழுதிப் படத்தின் கீழே போடுங்கள். மலர் முழுவதும் கையில் இருந்தால் நூலகம் என்ற பெயரில் இணையத்தில் இயங்கும் எண்ணிம நூலகத்துக்குக் கொடுப்பது நல்லது. 2005 முதல் இதையே வேலையாகச் செய்கிறார்கள்.

பதிவின் முகவரியை எப்போதும் ஆங்கில எழுத்தில், நாலைந்து சொல்லில் கொடுங்கள். தமிழில் விட்டால் ஒவ்வொரு எழுத்துறுப்பும் ஒன்பது குறியாக விரியும். இரணைமடுக்குளம் என்ற ஒரு சொல்லே 126 குறி. வேர்ட்பிரஸ் 200 குறியோடு வெட்டிவிடும், வட்ஸ்அப்பில் அனுப்பினால் சதவீதக் குறிகள் வரிவரியாக நிற்கும், பார்க்கிறவர் வைரஸ் என்று பயப்படுவார். புளொக்கரில் வேறு கதை. தமிழ்த் தலைப்பென்றால் அது தன்பாட்டில் பொருளில்லாத ஒரு பொதுப்பெயரையும் இலக்கத்தையும் வைத்துவிடும். வெளியிடுமுன் தனிப்பயன் இணைப்பு என்ற இடத்தில் நீங்களே எழுத வேண்டும்.

லிங்கை அமத்துவதில்லை என்று மனம் நோகிறீர்கள். இங்கே இலங்கையில் பலர் போனுக்குப் போடுவது சமூக ஊடக டேட்டாப் பொதி. பேஸ்புக்கும் வட்ஸ்அப்பும் அந்தப் பொதிக்குள் ஓடும், உங்கள் தளத்தைத் திறந்தால் பொது டேட்டா கரையும், அது முடிந்திருந்தால் திறக்கவே மாட்டாது. ஆகவே பேஸ்புக்கில் வெறும் லிங்கைப் போடாதீர்கள். சங்கதியின் சாரத்தை ஏழெட்டு வரியில் அங்கேயே முழுமையாகச் சொல்லி, படம் ஒன்றையும் வைத்து, மிச்சம் எங்கே இருக்கிறது என்று அடியில் காட்டுங்கள். "மேலும் வாசிக்க" என்று பாதியில் வெட்டுவது ஊராட்களிடம் எடுபடாது. தளத்தில் போடும் படங்களை நீளப்பக்கம் 1200 புள்ளிக்குக் குறைத்து, ஒன்று 200 கிலோபைட்டுக்குள் வரப் பாருங்கள். லிங்கோடு பழைய படமே ஒட்டிக்கொண்டு வந்தால் குற்றம் உங்கள் தளத்தில் இல்லை, பேஸ்புக் முதலில் பார்த்ததை நினைவில் வைத்திருக்கிறது. அவர்களுடைய பகிர்வுச் சோதனைக் கருவியில் முகவரியைக் கொடுத்து மறுபடி வாசிக்க வைக்கலாம். இங்கே இரவு ஏழு மணி உங்களுக்குக் கோடையில் பின்னேரம் மூன்றரை, குளிர்காலத்தில் இரண்டரை. அந்த நேரத்துக்குப் போட்டால் வேலை முடித்து வந்தவர்கள் பார்ப்பார்கள்.

பெரியம்மாவின் கோபம் சரியான கோபம். குளத்தைத் தேடி எடுத்துத் தருகிற அதே தேடல் அவவையும் தேடி எடுத்துத் தரும். பெர்மிற் படத்தில் அவவின் பெயர், காணித்துண்டின் இலக்கம், பரப்பு, பலசமயம் அடையாள அட்டை இலக்கமும் இருக்கும். எங்கள் பழைய அடையாள அட்டை இலக்கம் வெறும் இலக்கமில்லை. முதல் இரண்டு எண் பிறந்த வருடம், அடுத்த மூன்று எண் வருடத்தின் எத்தனையாவது நாள் என்பது, பெண்ணென்றால் அதோடு 500 கூட்டியிருக்கும். ஒன்பது எண்ணைப் பார்த்தவருக்குப் பிறந்த திகதியும் ஆணா பெண்ணா என்பதும் தெரிந்துவிடும். காணிப் பிணக்கு இல்லாத குடும்பம் வன்னியில் குறைவு. அந்தப் படம் யாருடைய போனில் போய் நிற்கிறது என்று நீங்கள் அறிய மாட்டீர்கள். எடுத்துவிடுங்கள். எடுத்ததை அவவுக்குப் போன் பண்ணிச் சொல்லுங்கள்.

இதோடு சேர்ந்த ஒரு பொறி, சொந்தத் தளத்துக்கு மாறும்போது வருவது. போன் படத்துக்குள் எடுத்த இடத்தின் ஆள்கூறு எழுதியிருக்கும். பேஸ்புக் அதை உரித்துவிட்டுத்தான் காட்டும். வேர்ட்பிரஸில் மூலப்படத்தை ஏற்றினால் அது அப்படியே போகும், தரவிறக்கிப் பார்ப்பவருக்கு வீட்டு வாசல் வரை வழி தெரியும். விண்டோஸில் படத்தை வலது சொடுக்கிப் பண்புகளுக்குள் போய், விபரங்கள் என்ற பக்கத்தின் அடியில் இருக்கும் நீக்கலை அமத்துங்கள். ஐபோனில் பகிரும்போது மேலே வரும் தெரிவுகளில் இடத்தை அணைக்கலாம். வட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பிய படத்தில் ஆள்கூறு இராது, ஆவணமாக அனுப்பியதில் இருக்கும்.

முகம் தெரியும் பிள்ளைகள், காணாமல் ஆக்கப்பட்டவர்களின் குடும்பங்கள், முன்னாள் போராளிகள் ஆகியோரைப் பற்றி எழுதும்போது, இங்கே இருப்பவரின் சம்மதம் இல்லாமல் ஒரு வரியும் வேண்டாம். சம்மதம் என்பது வட்ஸ்அப்பில் ஒரு பெருவிரல் அல்ல. பதிவை அனுப்பி, வாசித்துக் காட்டி, இது கூகுளில் வரும் என்று சொல்லிக் கேட்பது. இணையத்தில் எழுதுவதையும் பகிர்வதையும் குற்றமாக்கக்கூடிய இலங்கையின் நிகழ்நிலைக் காப்புச் சட்டம் 2024 பெப்ரவரி 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. நீங்கள் எழுதுவதைப் பகிர்கிற மருமகன் அந்தச் சட்டத்துக்குக் கீழே வாழ்கிறவன். வெளியில் இருந்து துணிவாக எழுதுகிறவர்கள் இதை மறப்பது எனக்குப் பிடிப்பதில்லை.

கடைசியாக, கணக்குகளை யார் பார்ப்பது. கூகுள், இரண்டு வருடம் தொடாத கணக்கை அழிக்கலாம். செயலற்ற கணக்கு முகாமை என்ற இடத்தில் மூன்று மாதம் முதல் பதினெட்டு மாதம் வரை ஒரு கெடு வைத்து, நம்பிக்கையான ஒருவரின் மின்னஞ்சலைக் கொடுங்கள். புளொக்கரின் காப்புக் கோப்பில் எழுத்து மட்டும்தான் வரும், படம் வராது. படங்களை வேறாக ஒரு வன்தட்டில் வையுங்கள். முக்கியமான பதிவு ஒவ்வொன்றையும் போட்ட கையோடு, இணையப் பக்கங்களைப் பிரதி எடுத்து வைக்கும் வேபேக் மெஷின் தளத்தில் முகவரி கொடுத்துச் சேமியுங்கள், ஒரு நிமிட வேலை. டொமைனுக்குக் கொடுத்த வங்கிக் கார்ட் எந்த மாதம் காலாவதியாகிறது என்பதையும் பார்த்து வையுங்கள். தானாகப் புதுப்பித்தல் நின்றுபோவது அநேகமாக அந்த ஒரு காரணத்தால்தான்.