எம்ஜிபி ரோட்ஸ்டர்: பெயின்ட்டுக்கு முன்னால் சில்லைப் பாருங்கள்

நண்பரே, 1972 எம்ஜிபி ரோட்ஸ்டர் (கூரையில்லாத பழைய பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார்) வாங்கியிருக்கிறேன், கதவுக்குக் கீழே பெயின்ட் உப்பியிருக்கிறது, முதலில் எஞ்சினா பெயின்ட்டா என்று கேட்டிருக்கிறீர்கள். இரண்டும் இல்லை. முதலில் துரு.

இந்த வண்டிக்குத் தனிச் சேஸிஸ் (அடிச்சட்டம்) கிடையாது, பாடியேதான் எலும்பு. மேலே கூரையும் இல்லாததால், கதவுக்கு அடியில் நீளவாக்கில் ஓடும் இரும்புத் தகட்டுப் பகுதியான சில்தான் வண்டியை வளையாமல் தாங்குகிறது. அங்கே உப்பினால் உள்ளிருந்து அரித்து வந்திருக்கிறது என்று அர்த்தம். ஒரு காந்தத்தை நகர்த்திப் பாருங்கள். ஒட்டாத இடமெல்லாம் துருவை மறைக்கப் பூசிய பட்டி. அப்புறம் ஜாக்கில் மெதுவாக ஏற்றி, கதவைச் சுற்றியுள்ள இடைவெளியைக் கவனியுங்கள். அது மாறினால் சில் போய்விட்டது. ஜாக் வைக்கும் இடமே அரித்திருக்கலாம், தயவுசெய்து வண்டிக்கு அடியில் போகாதீர்கள்.

வெளித் தகட்டை மட்டும் மாற்றித் தருகிறேன் என்பவரிடம் கொடுக்க வேண்டாம். உள்ளே நடுத்தகடு, உள் சில், அடியில் காஸில் ரெயில் என்ற தகட்டுச் சட்டம் எல்லாம் இருக்கின்றன. வெட்டும் முன், பாடி வளைந்துவிடாமல் இருக்க, கதவு வாசலுக்குக் குறுக்கே தற்காலிகமாக இரும்புக் குழாய் வைத்து வெல்டிங் செய்ய வேண்டும். ஒரு நேரத்தில் ஒரு பக்கம்தான். என் முதல் வண்டியில் இதைச் செய்யாமல் விட்டேன், கதவு கடைசிவரை ஒழுங்காகச் சாத்தவே இல்லை.

எஞ்சின் காத்திருக்கும். 1798 சிசி, பெட்ரோலைக் காற்றோடு கலந்து தரும் இரண்டு எஸ்யூ கார்புரேட்டர், எளிமையானது. பாகங்களும் புதிதாகவே கிடைக்கின்றன. பிரேக் ரப்பர் ஹோஸ்களை மட்டும் உடனே மாற்றுங்கள். பழையவை உள்ளுக்குள் உப்பி அடைத்துக்கொள்ளும், வெளியே ஒன்றுமே தெரியாது.