பெயர் போட முன் மக்கைப் பாருங்கள்

முன்பெல்லாம் பாடசாலை அதிபர் ஓய்வுபெற்றால் சுவர்க்கடிகாரம் கொடுப்பார்கள். இப்போது பெயர் பொறித்த, மூடி போட்ட பயண மக். இந்தமுறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை அதைப் பற்றியவை. இடத்துக்காகச் சுருக்கியிருக்கிறேன். திட்டுகளையும் நீக்கியிருக்கிறேன், என்னைத் திட்டியவை உட்பட.

கல்லடியிலிருந்து வாகரைப் பாடசாலைக்குத் தினமும் பஸ்ஸில் போகிறேன். வீட்டில் கோப்பி குடிக்க நேரமில்லை. பெயர் பொறித்த மக் ஒன்று வாங்கப்போகிறேன். எதைப் பார்த்து வாங்க வேண்டும்?
*ஆசிரியை, கல்லடி*

முதலில் மூடியைப் பாருங்கள். விரலால் தள்ளித் திறக்கும் மூடி கோப்பி தெறிப்பதைத் தடுக்கும், ஒழுகுவதைத் தடுக்காது. காரில் மக் வைக்கும் குழி உள்ளவர்களுக்கு அது போதும். நீங்களோ நின்றுகொண்டு போகிறவர், கைப்பைக்குள் பிள்ளைகளின் பயிற்சிக் கொப்பிகளும் இருக்கும். திருகி இறுக்கும் மூடி, அதன் உட்புறத்தில் கழற்றிக் கழுவக்கூடிய சிலிக்கன் வளையம், இவை இரண்டும் இல்லாத மக் உங்களுக்கு வேண்டாம். கடையிலேயே தண்ணீர் ஊற்றி மூடித் தலைகீழாகப் பிடித்துக் குலுக்குங்கள். கடைக்காரர் மறுத்தால் அடுத்த கடைக்குப் போங்கள்.

அடுத்தது சூடு. இரட்டைச் சுவருக்கு நடுவே காற்றை உறிஞ்சி எடுத்திருந்தால்தான் சூடு நிற்கும். வெறுமனே இரண்டு சுவர் வைத்து நடுவில் காற்றை விட்டவையும் அதே பெட்டியில் அதே படத்தோடு வருகின்றன. கொதிநீரை ஊற்றி மூடி, ஐந்து நிமிடம் கழித்து வெளிப்புறத்தைத் தொட்டுப் பாருங்கள். கழுத்தோரம் சற்றுச் சுடலாம். நடுவயிறு சுட்டால் உள்ளே வெற்றிடம் இல்லை. “24 மணி நேரம் சூடு” என்று பெட்டியில் எழுதியிருப்பதற்கு இந்தச் சோதனையைவிட மதிப்பில்லை.

ஒருவருக்கு 350 மில்லிலீற்றர் போதும். ஒரு லீற்றருக்கு மேல் பிடிக்கும் கைப்பிடி வைத்த மக்கைப் பார்த்து ஆசைப்படாதீர்கள், அதை ஏற்றினால் பஸ்ஸில் அதற்கும் ஓர் இருக்கை எடுக்க வேண்டும். வாய் உங்கள் கை நுழையும் அகலத்தில் இருக்கட்டும். பெயர் பொறிக்கக் கொடுப்பது இவ்வளவும் பார்த்து முடித்த பிறகு.

கண்ணாடி மக்கைப் பஸ்ஸில் கொண்டுபோகலாமா?
*வாழைச்சேனை வாசகர்*

போகலாம். திரும்பக் கொண்டுவருவதுதான் சந்தேகம்.

அடியில் 304 என்று பொறித்திருந்த மக்கை வாங்கினேன். காந்தம் ஒட்டவில்லை, ஆகவே நல்ல சில்வர் என்றார் விற்றவர். இரண்டு மாதத்தில் உள்விளிம்பில் துருப்புள்ளிகள். காந்தம் பொய் சொல்லுமா?
*அக்கரைப்பற்று வாசகர்*

காந்தத்தைக் குற்றம் சொல்ல முடியாது, அதனிடம் கேட்ட கேள்விதான் பிழை. 304 என்பது ஏறத்தாழ 18 வீதம் குரோமியமும் 8 வீதம் நிக்கலும் கலந்த உருக்கு. 201 என்று மலிவான ஒரு வகை இருக்கிறது. அதில் நிக்கலைக் குறைத்து அதற்குப் பதிலாக மங்கனீசைக் கூட்டியிருப்பார்கள். அதிலும் காந்தம் ஒட்டாது. ஆனால் துருவைத் தாங்கும் வலிமை குறைவு, அதுவும் நம் கரையோர உப்புக்காற்றில் சீக்கிரம் தெரிந்துவிடும். மறுபக்கம், உண்மையான 304 உருக்கைக்கூட அழுத்தி வளைத்த இடங்களில் காந்தம் இலேசாக இழுக்கும். ஆகவே ஒட்டினாலும் ஒட்டாவிட்டாலும் அதை வைத்து எதையும் முடிவுசெய்ய முடியாது. அடியிலுள்ள எண்ணும் அப்படியே. எண்ணைப் பொறிக்க ஓர் அச்சு இருந்தால் போதும். கொழும்புப் புறக்கோட்டை நடைபாதையில் நான் வாங்கிய ஒன்றில் 304 அல்ல, துருவை அதைவிட நன்றாகத் தாங்கும் வகையான 316 என்றே பொறித்திருந்தது. மாரி முடிவதற்குள் அதன் கழுத்தில் துரு. இப்போது அதில் பேனை வைத்திருக்கிறேன், பேனைகள் முறைப்பாடு செய்வதில்லை.

வெளுக்கும் திரவம் போட்டுக் கழுவினீர்களா? குளோரின் கலந்த திரவம் நல்ல உருக்கையும் அரித்துவிடும். அப்படிக் கழுவவில்லை என்றால் தவறு பொருளுடையது. பற்றுச்சீட்டோடு கடைக்குப் போங்கள்.

எங்கள் அதிபரின் பிரியாவிடைக்கு வாட்ஸ்அப்பில் பெயரை அனுப்பி மக் செய்யக் கொடுத்தோம். முன்கூட்டியே முழுப்பணமும் வாங்கிக்கொண்டார்கள், மாதிரிப் படம் எதுவும் அனுப்பவில்லை. வந்த மக்கில் கொம்பு தனியாக, எழுத்து தனியாக நிற்கிறது. “பெயர் போட்ட பொருளை மாற்றித்தர முடியாது” என்கிறார்கள். விழாவில் வெறும் பெட்டியைக் கொடுத்தோம்.
*பழைய மாணவர் சங்கச் செயலாளர், களுவாஞ்சிக்குடி*

இதற்காகவே காத்திருந்தேன். மற்றவர்கள் சற்றுப் பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஆங்கிலப் பெயரென்றால் எந்தக் கடையிலும் அழகாக வளைந்து நெளிந்து வருகிறது. தமிழ்ப் பெயர் மட்டும் ஏன் கைகால் வேறாகக் கிடக்கிறது? காரணம் இயந்திரத்தில் இல்லை. நம் ஊர் அச்சுக்கூடங்கள் பலவற்றில் இன்றும் பாமினி எழுத்துருதான். அது யுனிகோட் என்ற உலகப் பொது எழுத்துக் குறியீட்டு முறை வருவதற்கு முந்தியது. ஆங்கில விசைகளின் இடத்தில் தமிழ் உருவங்களை உட்கார வைத்தது, மெய்யெழுத்தின் புள்ளிக்கு அரைப்புள்ளி விசை. நீங்கள் கைத்தொலைபேசியில் தட்டி அனுப்புவது யுனிகோட். அதைப் பாமினிப் பெட்டிக்குள் ஒட்டினால் கட்டம் கட்டமாக வரும் அல்லது எதுவுமே வராது. அதற்காக வேறு யுனிகோட் எழுத்துருவைத் தெரிவுசெய்தாலும், பொறிக்கும் மென்பொருளுக்குத் தமிழ் எழுத்துகளைக் கோக்கத் தெரியாவிட்டால் சிக்கல்தான். யுனிகோடில் எகர, ஏகார, ஐகாரக் குறிகள் மெய்க்குப் பின்னால்தான் சேமிக்கப்படுகின்றன. அவற்றை எழுத்துக்கு முன்னால் கொண்டுவந்து காட்டுவது மென்பொருளின் வேலை. அந்த வேலை நடக்காதபோது கொம்பு பின்னால் போய் நிற்கும், சிலவேளை பக்கத்தில் புள்ளிகளாலான ஒரு வட்டமும் தோன்றும். தமிழ் வாசிக்கத் தெரிந்த எவர் கண்ணிலும் படும் பிழை இது. அப்படியிருந்தும் மக் பொறிக்கப்பட்டு, பெட்டியில் போடப்பட்டு, நாடாவும் கட்டப்படுகிறது. வழியில் ஒருவர்கூட அதை வாசிக்கவில்லை! எனக்குக் கோபம் எழுத்துருவில் இல்லை, அந்த வாசிக்காத கண்களில்தான். தமிழ் ஊரில், தமிழ் வாடிக்கையாளரிடம் காசு வாங்கிக்கொண்டு, தமிழ் எழுத்தை அலங்காரக் கோடாகப் பார்க்கிறார்கள்.

தீர்வு எளிது. பெயரைச் சரியான எழுத்துருவில் அமைத்து, எழுத்துகளை வெறும் உருவக்கோடுகளாக மாற்றி, பீடிஎஃப் கோப்பாகக் கொடுத்துவிட்டால் எந்த இயந்திரமும் உள்ளபடியே பொறிக்கும். கணினி தெரிந்த பிள்ளை ஒன்றுக்கு இது சிறிய வேலை. பொறிக்க முன் மக்கின் மேல் பெயர் எப்படி இருக்கும் என்ற மாதிரிப் படத்தைக் கேட்டு வாங்குங்கள். அதைப் பெயருக்குரியவரை அறிந்த இன்னொருவரிடமும் காட்டுங்கள், ந, ன, ண மூன்றையும் தனித்தனியாகப் பார்க்கச் சொல்லி.

உங்கள் விடயத்துக்கு வருகிறேன். நீங்கள் ஏமாற்றப்பட்டிருக்கிறீர்கள். “பெயர் போட்டதை மாற்ற முடியாது” என்பது மனம் மாறி வருகிறவரிடம் சொல்ல வேண்டியது, கடை செய்த பிழையை மூடும் போர்வை அல்ல. விபரம் சொல்லி விற்ற பொருள் அந்த விபரத்தோடு ஒத்திருக்க வேண்டும் என்பது 1896ஆம் ஆண்டின் பொருள் விற்பனைக் கட்டளைச் சட்டத்திலிருந்தே இந்த நாட்டில் உள்ள விதி. நீங்கள் அனுப்பிய பெயரும் வந்த மக்கின் படமும் வாட்ஸ்அப்பில் இருக்கின்றன அல்லவா? அழித்துவிடாதீர்கள். முதலில் கடைக்கு எழுத்தில் கேளுங்கள். மறுத்தால் பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபைக்கு எழுத்தில் முறையிடுங்கள். 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டப்படி, வாங்கிய நாளிலிருந்து மூன்று மாதங்களுக்குள் முறைப்பாடு போய்ச் சேர வேண்டும். அவசரத் தொலைபேசி இலக்கம் 1977. பணம் திரும்பி வந்தால் எனக்கும் ஒரு வரி எழுதுங்கள். அதிபரிடம் சங்கம் நேரில் போய் நடந்ததைச் சொல்லட்டும், அவர் பெட்டியைத் திறந்து பார்த்திருப்பார்.

மகனின் பெயரைத் தவறாக எழுதி அனுப்பிவிட்டேன். கடை மாதிரிப் படம் அனுப்பியது. வேலையில் இருந்ததால் பார்க்காமல் ‘சரி’ என்று பதில் போட்டுவிட்டேன். பணத்தைத் திரும்பப் பெற வழி?
*கல்முனை வாசகர்*

இல்லை.

எங்கள் திருமணப் படத்தைக் கறுப்பு மக்கில் போட்டுத் தந்தார்கள். சில வாரங்களில் என் முகம் உரிந்துவிட்டது, அவருடையது அப்படியே இருக்கிறது. இதற்கு உத்தரவாதம் கேட்கலாமா?
*சாய்ந்தமருது வாசகி*

கேளுங்கள் பிள்ளை, கேட்கத்தான் வேண்டும். “அழியாத படம்” என்று சொல்லி விற்றிருந்தால் அது தவறான வாக்குறுதி.

இனிமேல் வாங்குகிறவர்களுக்காகச் சொல்கிறேன். வெப்பத்தில் பதிக்கும் முறையில், 180 முதல் 200 பாகை செல்சியஸ் அளவில் மை ஆவியாகி மக்கின் மேற்பூச்சுக்குள் ஊறிவிடும். தடவினால் தடிப்பே தெரியாது, உரியவும் உரியாது. ஆனால் அந்த முறையில் வெள்ளை மை கிடையாது. ஆகவே அடித்தளம் வெள்ளையாகவோ மிக வெளிறியதாகவோ இருந்தே ஆக வேண்டும். கறுப்பு மக்கில் மணமகளின் வெள்ளைச் சேலை வெள்ளையாகவே தெரிந்தால், அது பூச்சுக்குள் ஊறிய படமல்ல. மேலே ஒட்டிய தாள், அல்லது புறஊதா ஒளியில் உலர்த்திய மைப்படலம். படலம் நன்றாகச் செய்திருந்தால் சில காலம் நிற்கும், தாள் நிற்காது. நகத்தால் விளிம்பைத் தடவினால் வித்தியாசம் கைக்குத் தெரியும்.

அழியாமல் இருக்க வேண்டுமென்றால் லேசர் பொறிப்பு. மேற்பூச்சை எரித்து அடியிலுள்ள உருக்கைக் காட்டும், வண்ணப் படம் வராது, பெயர் வரும். பூச்சில்லாத வெறும் உருக்கில் கருமையாகப் பொறித்தால் அந்த இடத்தில் துரு பிடிக்க வாய்ப்புண்டு, பூச்சுள்ள மக்கையே தெரிவுசெய்யுங்கள். திருமணப் படத்தைச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டுங்கள். தினமும் சவர்க்காரம் போட்டுத் தேய்க்கும் பொருளில் முகங்கள் எதற்கு?

மகன் மக்கில் மீன் சொதி கொண்டுபோனான். மணம் போகவில்லை. புதிதாக எது வாங்கலாம்?
*ஆரையம்பதித் தாய்*

சொதிக்கு ஒரு கிண்ணம் வாங்குங்கள். மக்கின் சிலிக்கன் வளையத்தைக் கழற்றி, வெந்நீரில் அப்பச்சோடா கரைத்து இரவு முழுவதும் ஊறவிடுங்கள். மணம் உருக்கில் இல்லை, அந்த வளையத்தில் இருக்கிறது.

இரவு ரயிலில் கொழும்பு போகும்போது பால் கோப்பி கொண்டுபோய் விடியக் குடிக்கலாமா? மக் எட்டு மணி நேரம் சூடு தாங்கும் என்கிறார்கள்.
*ஏறாவூர் மாணவர்*

தம்பி, எட்டு மணி நேரத்தின் முடிவில் அது “சூடு” அல்ல, வெதுவெதுப்பு. கிருமிகள் பெருக விரும்புவதும் அதையே. 60 பாகைக்குக் கீழே இறங்கிய பால் பானத்தை இரண்டு மணி நேரத்துக்கு மேல் வைத்துக் குடிக்க வேண்டாம். சுக்குக் கோப்பியோ வெறுந்தேநீரோ கொண்டுபோங்கள். ஊற்ற முன் மக்கைக் கொதிநீரால் ஐந்து நிமிடம் சூடாக்கிக்கொண்டால் இன்னும் அதிக நேரம் நிற்கும்.

அலுவலகத்தில் நாற்பது பேருக்குப் பெயர் பொறித்த மக் கொடுக்க இருக்கிறோம். ஒரே தடவையில் முழுப்பணமும் கட்டினால் விலை குறைப்பார்களாம். கட்டலாமா?
*அம்பாறை வாசகர்*

கட்ட வேண்டாம். முதலில் ஒரே ஒரு மக்கைப் பெயரோடு செய்வித்து வாங்குங்கள். சில நாட்கள் ஒருவர் அதைப் பாவிக்கட்டும். அது தேறினால், “இந்த மாதிரிக்கு ஒத்த நாற்பது” என்று கட்டளையில் எழுதி, ஒரு பகுதியை மட்டும் முற்பணமாகக் கொடுங்கள். மாதிரியைக் காட்டி விற்றால் மொத்தமும் மாதிரியோடு ஒத்திருக்க வேண்டும் என்பதும் சட்டமே. மாதிரி மக் உங்கள் அலுமாரியில் இருக்கட்டும், கடைக்காரரின் மேசையில் வேண்டாம். பெயர்ப்பட்டியலைத் தமிழிலும் சிங்களத்திலும் கொடுப்பீர்களானால், ஒவ்வொருவரும் தன் பெயருக்கு நேரே கையொப்பமிட்ட பின் அனுப்புங்கள். பிறகு “என் பெயர் இப்படி அல்ல” என்று எவரும் உங்களிடம் வர முடியாது.

விலைக்குறைப்புக்காக முழுப்பணத்தையும் முன்னரே கட்டிய ஒரு மழைக்கோட்டு வியாபாரத்தில் நானும் சம்பந்தப்பட்டிருக்கிறேன். கோட்டுகள் வந்தபோது வெயில் காலம், அளவும் எல்லாம் ஒன்றே.

கடையில் பற்றுச்சீட்டுக் கேட்டேன். “இவ்வளவு சிறிய பொருளுக்கா?” என்று சிரித்தார்கள். வெட்கமாகப் போய்விட்டது.
*காத்தான்குடி வாசகி*

வெட்கப்பட வேண்டியவர்கள் அவர்கள். கேட்டால் கொடுப்பது அவர்கள் கடமை. அடுத்தமுறை அவர்கள் சிரித்து முடிக்கும்வரை அங்கேயே நின்று, அதன் பிறகும் கேளுங்கள்.

மூடி மட்டும் உடைந்துவிட்டது. மூடி தனியாகக் கிடைக்குமா?
*செங்கலடி வாசகர்*

பெயர் தெரிந்த நிறுவனங்கள் சில விற்கின்றன. நிறுவனப் பெயரில்லாத மக்குக்குக் கிடைக்காது, பக்கத்து மக்கின் மூடி பார்வைக்குப் பொருந்தினாலும் புரியில் ஒழுகும். வாங்கும்போதே மேலதிக மூடியும் வளையமும் தருவார்களா என்று கேட்டிருக்க வேண்டும். இப்போது அதில் கறிவேப்பிலை நடலாம், அடியில் துளை போட முடிந்தால்.