கார்டு இருக்கிறது, வைஃபை இல்லை: டெபியன் 13 ஓட்டிப் பார்ப்பவர்களுக்கான கேள்வி பதில்

2025 ஆகஸ்டில் வந்த லினக்ஸ் இயங்குதளமான டெபியன் 13-ஐ (அதன் உள்மையமான கெர்னல் 6.12) பழைய, புதிய லேப்டாப்களில் பென்டிரைவிலிருந்து ஓட்டிப் பார்த்த மியன்மாரின் ரங்கூன், பெகு, மோல்மேன், தட்டோன், மாந்தலே ஆட்கள் கேட்டவை இவை. கட்டளைகள் ஒலிக்கிறபடி தமிழில் இருக்கின்றன. டெர்மினலில் ஆங்கிலச் சிறிய எழுத்தில் அடித்துக்கொள்ளுங்கள்.

ரங்கூனிலிருந்து: ஐயா, பென்டிரைவில் ஓட்டினால் சவுண்டு, திரை எல்லாம் சரி. வைஃபை அடையாளம் மட்டும் வரவே இல்லை. எந்த டிரைவரை இறக்கணும்?

இப்போதைக்கு எதையும் இறக்காதீர்கள் தம்பி. முதலில் 'எல்எஸ்பிசிஐ -என்என்கே' அடியுங்கள். வருகிற பட்டியலில் 'நெட்வொர்க் கன்ட்ரோலர்' என்ற வரியைத் தேடுங்கள். அதன் கடைசியில் சதுர அடைப்புக்குள் இரண்டு எண் இருக்கும். முதல் எண் கார்டு செய்த கம்பெனி: 8086 என்றால் இன்டெல், 14இ4 பிராட்காம், 10இசி ரியல்டெக், 14சி3 மீடியாடெக், 168சி ஏத்தரோஸ். லேப்டாப் மூடியில் ஒட்டியிருக்கும் பெயரை வைத்துக் கார்டை ஊகிக்க வேண்டாம். ஒரே மாடலில் ஒரு பெட்டியில் இன்டெல்லும் அடுத்த பெட்டியில் ரியல்டெக்கும் இருப்பது சாதாரணம்.

அந்த வரிக்குக் கீழே 'கெர்னல் டிரைவர் இன் யூஸ்' என்று ஒன்று வந்தால் டிரைவர் ஏற்கெனவே ஏறிவிட்டது. அப்போது குறை பெரும்பாலும் ஃபர்ம்வேரில். டிரைவர் கெர்னலோடு வருகிறது. ஃபர்ம்வேர் என்கிற, கார்டுக்குள் ஓட வேண்டிய நிரலோ '/லிப்/ஃபர்ம்வேர்' அடைவில் தனிக் கோப்பாகக் கிடக்கிறது. அது இல்லாவிட்டால் டிரைவர் கையைக் கட்டிக்கொண்டு நிற்கும். 'இன் யூஸ்' வரி இல்லாமல் கார்டு மட்டும் தெரிந்தால்தான் டிரைவர் பிரச்சினை. கார்டே பட்டியலில் இல்லையென்றால் பயாஸில் (கணினி தொடங்கும்போது வரும் அமைப்புத் திரை) அணைத்திருக்கிறதா, கார்டு சாக்கெட்டில் சரியாக உட்கார்ந்திருக்கிறதா என்று பாருங்கள்.

அடுத்து 'சூடோ டிஎம்இஎஸ்ஜி' அடித்து 'ஃபர்ம்வேர்' என்ற சொல் வரும் வரிகளைப் படியுங்கள். டெபியனில் சூடோ இல்லாமல் அந்தக் கட்டளை எதையும் காட்டாது. வரியின் கடைசியில் 'எர்ரர் -2' இருந்தால் கோப்பு இல்லை என்று பொருள். '-110' என்றால் கோப்பு இருக்கிறது, கார்டு பதில் சொல்லவில்லை. இரண்டுக்கும் வைத்தியம் வேறு.

இன்டெல் கார்டு வைத்திருப்பவர்கள் பலர் இங்கேதான் பயந்துவிடுகிறார்கள். அதன் டிரைவர் தனக்குத் தெரிந்த மிகப் புதிய ஃபர்ம்வேர் பதிப்பைக் கேட்கும். இல்லையென்றால் அதற்கு முந்தியது, அதற்கும் முந்தியது என்று இறங்கிக்கொண்டே வரும். ஒவ்வொரு படிக்கும் ஒரு '-2' விழும். கடைசியில் 'லோடட் ஃபர்ம்வேர் வெர்ஷன்' என்று ஒரு வரி வந்துவிட்டால் மேலே உள்ள அத்தனை '-2'-ஐயும் மறந்துவிடலாம்.

பெகுவிலிருந்து: அண்ணே, வைஃபை இல்லாம ஃபர்ம்வேரை எப்படி இறக்குறது? லேன் வயர் கிடையாது, போன் டேட்டா மட்டும்தான் இருக்கு.

போனே போதும். யுஎஸ்பி வயரில் இணைத்து, ஆண்ட்ராய்டு அமைப்பில் 'யுஎஸ்பி டெதரிங்'கைப் போடுங்கள். லினக்ஸுக்கு அது லேன் வயர் மாதிரிதான் தெரியும், தனி டிரைவர் வேண்டாம். சார்ஜ் மட்டும் ஏற்றும் மலிவு வயரில் இது நடக்காது. டேட்டா போகிற வயராகப் பாருங்கள். போன் பக்கத்து வீட்டு வைஃபையில் இருந்தால் அந்த வைஃபையே வயர் வழியாக லேப்டாப்புக்குப் போகும், சிம் டேட்டா செலவாகாது.

டெபியனில் ஃபர்ம்வேர் தனித்தனிப் பொதி. ரியல்டெக் கார்டுக்கு 'ஃபர்ம்வேர்-ரியல்டெக்', இன்டெல்லுக்கு 'ஃபர்ம்வேர்-ஐடபிள்யூஎல்வைஃபை' மட்டும் எடுத்தால் டேட்டா மிச்சம். இறக்கியபின் ரீபூட் செய்யாதீர்கள், பென்டிரைவ் ஓட்டத்தில் எல்லாம் அழிந்துவிடும். 'மோட்புரோப் -ஆர்' போட்டு டிரைவரைக் கெர்னலிலிருந்து கழற்றி, மறுபடி 'மோட்புரோப்' போட்டு ஏற்றினால் போதும்.

ஒன்று கவனியுங்கள்: டெபியன் 12 முதல் அதிகாரப்பூர்வ ஐஎஸ்ஓவிலேயே (பென்டிரைவில் எழுதும் கோப்பு) இந்த ஃபர்ம்வேர்கள் வந்துவிடுகின்றன. அதனால் 13-இல் '-2' கிடைத்தால் கார்டு ரொம்பப் புதிது, அல்லது பழைய பிராட்காம். இந்த இரண்டில் ஒன்றாகத்தான் பெரும்பாலும் இருக்கும்.

'ரிலீஸ் ஃபைல் இன்னும் செல்லுபடியாகவில்லை' என்று ஆப்ட் (டெபியனில் பொதிகளை இறக்கி நிறுவும் கருவி) திட்டினால் ஃபர்ம்வேரை விட்டுவிட்டுக் கடிகாரத்தைப் பாருங்கள். மதர்போர்டில் சிஆர் 2032 பேட்டரி செத்துப்போன லேப்டாப் பல வருடம் பின்னால் நின்றுகொண்டிருக்கும்.

மோல்மேனிலிருந்து: ஜப்பானிலிருந்து வந்த செகண்ட் ஹேண்ட் லேப்டாப். பிராட்காம் 43142 என்று காட்டுகிறது. எதைப் போட்டாலும் வரவில்லை.

இது இருக்கிற கார்டுகளிலேயே தலைவலி பிடித்தது. பழைய பிராட்காம்களுக்கு மூன்று டிரைவர்கள் உண்டு: பி43, பிஆர்சிஎம்எஸ்மேக், 'டபிள்யூஎல்'. 4331-க்கு பி43 போதும், 4313-க்கு பிஆர்சிஎம்எஸ்மேக். 43142, 4360 இரண்டுக்கும் டபிள்யூஎல் தவிர வேறு கதியில்லை.

டபிள்யூஎல் கெர்னலுக்குள் இல்லை. பிராட்காம் கடைசியாகத் தந்த பதிப்பு 6.30.223.271. அதற்குப் பிறகு ஒவ்வொரு புதிய கெர்னலுக்கும் டெபியன் மாதிரி டிஸ்ட்ரோக்களின் ஆட்கள் ஒட்டுப் போட்டு ஓட்டுகிறார்கள். புதிய வெளியீட்டைச் சோதிக்கும்போது முதலில் உடைவது இதுதான், அதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. டெபியனில் நான்-ஃப்ரீ பிரிவைத் திறந்து 'பிராட்காம்-எஸ்டிஏ-டிகேஎம்எஸ்' போட வேண்டும். அது உங்கள் கணினியிலேயே கம்பைல் ஆகும். அதற்கு ஓடுகிற கெர்னலுக்கு எழுத்துக்கு எழுத்து பொருந்தும் ஹெடர் பொதி தேவை. 'யூநேம் -ஆர்' சொல்கிற எண்ணும் ஹெடரின் எண்ணும் ஒன்றா என்று பாருங்கள். பென்டிரைவில் ஓடுவது சில மாதம் பழைய ஐஎஸ்ஓவாக இருந்தால், டெபியனின் பொதிக் களஞ்சியமான ரெப்போவில் அதைவிடப் புதிய ஹெடர்தான் இருக்கும், கம்பைல் ஆகாது. அதனால் இந்தக் கார்டை பென்டிரைவில் சோதித்து "வேலை செய்யவில்லை" என்று தீர்ப்பு எழுதுவது சரியில்லை. போன் டெதரிங்கோடு வட்டில் நிறுவி, அப்டேட் செய்து, ரீபூட் செய்தபின் கம்பைல் செய்யுங்கள்.

கம்பைல் தோற்றால் '/வார்/லிப்/டிகேஎம்எஸ்' அடைவுக்குள் 'மேக்.லாக்' கோப்பு இருக்கும். திரையில் வருவது வெறும் ஒப்பாரி, காரணம் அந்தக் கோப்பில்தான்.

கம்பைல் ஆகியும் 'கீ வாஸ் ரிஜெக்டட் பை சர்வீஸ்' என்று வந்தால், கையொப்பம் இல்லாத நிரலை ஏற விடாத செக்யூர் பூட் தடுக்கிறது. இரண்டு வழி: பயாஸில் செக்யூர் பூட்டை அணைப்பது, அல்லது 'மோக்யூட்டில்' கட்டளையால் டிகேஎம்எஸ் உருவாக்கிய சாவியைப் பதிவது. பதியும்போது ஒரு கடவுச்சொல் கேட்கும். அடுத்த பூட்டில் நீலத் திரை வந்து அதே சொல்லைக் கேட்கும். அந்தத் திரை சில நொடிதான் காத்திருக்கும், டீ குடிக்கப் போய்விடாதீர்கள்.

இன்னொன்று: டபிள்யூஎல்லுக்கு டபிள்யூபிஏ3 என்ற புதிய வைஃபை பாதுகாப்பு முறை தெரியாது. ரவுட்டரில் டபிள்யூபிஏ2 வைத்துத்தான் பார்க்க வேண்டும்.

ரங்கூனிலிருந்து: ஐயா, கரண்ட் இருக்கும்போது வைஃபை நல்லா ஓடுது. கரண்ட் போனதும் இழுத்து இழுத்து வருது, வீடியோ நிக்குது. ரவுட்டர் இன்வெர்ட்டர்ல இருக்கு, அது அணையல. டிரைவர் கோளாறா?

கரண்ட் போனால் ரவுட்டர் அப்படியேதான் ஓடுகிறது, லேப்டாப்தான் பேட்டரிக்கு மாறுகிறது. டிஎல்பி என்ற மின்சேமிப்புக் கருவியை நிறுவியிருக்கிறீர்களா என்று பாருங்கள். அதன் இயல்பு அமைப்பில் சார்ஜரில் வைஃபை மின்சேமிப்பு அணைந்திருக்கும், பேட்டரியில் போடப்பட்டிருக்கும். மின்சேமிப்பில் கார்டு ரவுட்டரின் இரண்டு அறிவிப்புகளுக்கு நடுவே தூங்கி எழும். சில கார்டுகள் தூங்குவதில் கெட்டி, எழுவதில் மந்தம்.

உறுதி செய்ய இரண்டு நிமிடம் போதும். 'ஐபி லிங்க்' அடித்து வைஃபை இடைமுகத்தின் பெயரை எடுங்கள், 'டபிள்யூஎல்' என்று தொடங்கும். 'ஐடபிள்யூ டெவ்', அந்தப் பெயர், 'கெட் பவர்_சேவ்' என்று அடித்தால் ஆன், ஆஃப் சொல்லும். சார்ஜரைப் பிடுங்கிவிட்டு மறுபடி அடியுங்கள். ஆன் ஆகியிருந்தால் ரவுட்டருக்கு 'பிங்' விட்டுக்கொண்டே 'செட் பவர்_சேவ் ஆஃப்' போடுங்கள். நூறு, இருநூறு மில்லிசெகண்ட் என்று குதித்துக்கொண்டிருந்த எண் ஒற்றை இலக்கத்துக்கு இறங்கினால் குற்றவாளி அதுவே. நிரந்தரமாக மாற்ற, டிஎல்பி கோப்பில் 'வைஃபை_பிடபிள்யூஆர்_ஆன்_பேட்' வரியில் 'ஆஃப்' எழுதுங்கள். டிஎல்பி இல்லாதவர்கள் நெட்வொர்க்மேனேஜரின் 'கான்ஃப்.டி' அடைவில் ஒரு கோப்பு வைத்து, 'கனெக்ஷன்' தலைப்புக்குக் கீழ் 'வைஃபை.பவர்சேவ்=2' என்று எழுதலாம். 2 என்றால் அணை, 3 என்றால் போடு. பேட்டரி கொஞ்சம் சீக்கிரம் தீரும். மணிக்கணக்கில் கரண்ட் இல்லாத நாளில் எது முக்கியம் என்பது உங்கள் முடிவு.

தட்டோனிலிருந்து: 'ஹார்ட் பிளாக்ட் யெஸ்' என்று வருகிறது. லேப்டாப்பில் சுவிட்சே கிடையாதே?

'ஆர்எஃப்கில் லிஸ்ட்' இரண்டு வகைத் தடை காட்டும். சாஃப்ட் தடை 'ஆர்எஃப்கில் அன்பிளாக் வைஃபை'க்கு விலகும். ஹார்ட் தடைக்கு எந்தக் கட்டளையும் இல்லை. ஓரத்தில், முன்பக்க விளிம்பில் சின்ன நகர்த்து சுவிட்ச் இருக்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள். உண்மையிலேயே இல்லாத சில ஐடியாபேட்களில் 'ஐடியாபேட்_லேப்டாப்' என்ற மாட்யூல் (கெர்னலில் ஏறும் டிரைவர் துண்டு) இல்லாத சுவிட்சை இருப்பதாகச் சொல்லும். 'மோட்புரோப் -ஆர்' போட்டு அதைக் கழற்றிப் பாருங்கள். தடை போனால், அது இனி ஏறாதபடி பிளாக்லிஸ்ட் செய்யுங்கள்.

மாந்தலேயிலிருந்து: ரியல்டெக் 8723பிஇ. ரவுட்டருக்குப் பக்கத்தில் வைத்தால் வருகிறது, அடுத்த அறைக்குப் போனால் போய்விடுகிறது. விண்டோஸில் இப்படி இல்லை.

கார்டில் இரண்டு ஆன்டெனா முனை உண்டு, லேப்டாப் கம்பெனி சிக்கனத்துக்கு ஒரு வயர்தான் மாட்டியிருக்கிறது. டிரைவர் வயர் இல்லாத முனையில் கேட்டுக்கொண்டிருக்கிறது. '/ஈடிசி/மோட்புரோப்.டி' அடைவில் ஒரு 'கான்ஃப்' கோப்பில் 'ஆப்ஷன்ஸ் ஆர்டிஎல்8723பிஇ ஆன்ட்_செல்=2' என்று எழுதி ரீபூட் செய்யுங்கள். சரியாகாவிட்டால் 1. இரண்டில் ஒன்று அமையும்.

ரங்கூனிலிருந்து: புது லேப்டாப், ரியல்டெக் 8852பிஇ. டெபியன் 12-இல் வைஃபை இல்லை, 13-இல் வருகிறது. ஆனால் மூடியை மூடித் திறந்தால் காணாமல் போகிறது.

12-இன் கெர்னல் 6.1-இல் இந்தக் கார்டுக்கு டிரைவரே கிடையாது. அதனால் 12-ஐ விட்டுவிடுங்கள். 13-இல் தூக்கத்துக்குப் பின் மறைவது, பெரும்பாலும் பிசிஐ தடம் மின்சேமிப்புக்குப் போய்த் திரும்பாததால். 'ஆர்டிடபிள்யூ89_பிசிஐ' மாட்யூலுக்கு 'டிஸேபிள்_ஏஎஸ்பிஎம்_எல்1=ஒய்', 'டிஸேபிள்_ஏஎஸ்பிஎம்_எல்1எஸ்எஸ்=ஒய்', 'டிஸேபிள்_கிளாக்ரெக்=ஒய்' மூன்றையும் ஒரே ஆப்ஷன்ஸ் வரியில் எழுதுங்கள். 'ரெக்' என்பது ஆங்கிலத்தில் ஆர்-இ-க்யூ. 'கிளாக்' என்பது சி-எல்-கே மூன்றே எழுத்து, நடுவில் கோடு வேண்டாம். ஒரு எழுத்து தவறினாலும் கெர்னல் அதை ஒதுக்கிவிடும்.

விண்டோஸும் அதே வட்டில் இருந்தால் அதன் 'ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்'பை அணையுங்கள். அதில் விண்டோஸ் முழுதாக அணையாது, கார்டை அரைத்தூக்கத்தில் விட்டுப் போகும். லினக்ஸ் வந்து தட்டினால் எழாது. முன்னால் சொன்ன '-110' பல சமயம் இந்த வகை.

பெகுவிலிருந்து: யுஎஸ்பி வைஃபை டாங்கிள் செருகினால் சிடி டிரைவ் என்று வருகிறதே?

அதற்குள் விண்டோஸ் டிரைவர் வைத்த சின்ன வட்டு இருக்கிறது. 'எல்எஸ்யுஎஸ்பி'யில் 0பிடிஏ:1ஏ2பி என்று தெரிந்தால் வட்டு முகம். ஃபைல் மேனேஜரில் அந்தச் சிடியை 'எஜெக்ட்' செய்யுங்கள். இரண்டு நொடியில் வேறு எண்ணோடு வைஃபையாகத் திரும்பி வரும். ஒவ்வொரு முறையும் செய்யச் சலிப்பாக இருந்தால் 'யுஎஸ்பி-மோட்ஸ்விட்ச்' பொதியைப் போடுங்கள்.

மோல்மேனிலிருந்து: போனில் தெரிகிற எங்கள் வீட்டு வைஃபை லேப்டாப்பில் மட்டும் தெரியவில்லை. பக்கத்து வீடுகளுடையது எல்லாம் தெரிகிறது.

உங்கள் ரவுட்டர் பெரும்பாலும் 12 அல்லது 13-ஆம் சேனலில் நிற்கும். அமெரிக்க விதியில் இயங்கும் கார்டு 11-க்கு மேல் பார்க்காது. 'ஐடபிள்யூ ரெக் கெட்' அடித்து எந்த நாட்டுக் குறி என்று பாருங்கள். மியன்மார் குறி எம்எம். பர்மா காலத்துப் பழைய குறி பியு 1989-லேயே போய்விட்டது. 'ரெக் செட்' கொடுத்தும் குறி மாறாமல் 'செல்ஃப்-மேனேஜ்டு' என்று காட்டினால், அது தன் நாட்டைத் தானே தீர்மானிக்கும் இன்டெல் கார்டு, நம் பேச்சைக் கேட்காது. மல்லுக்கட்டாமல் ரவுட்டரை 1, 6, 11-இல் ஒன்றுக்கு மாற்றிவிடுவதே என் யோசனை.

மாந்தலேயிலிருந்து: பேசாமல் கார்டையே மாற்றிவிடலாமா? இன்டெல் ஏஎக்ஸ்211 கிடைக்கிறது, லேப்டாப் ஏஎம்டி.

வாங்காதீர்கள். ஏஎக்ஸ்201, ஏஎக்ஸ்211 இரண்டும் பாதிக் கார்டுதான், மீதிப் பாதி இன்டெல் சிப்செட்டுக்குள் இருக்கிறது. ஏஎம்டியில் செருகினால் பொருந்தும், ஓடாது. ஏஎக்ஸ்200 அல்லது ஏஎக்ஸ்210 கேளுங்கள், அவை முழுக் கார்டுகள். பழைய திங்க்பேடில் மாற்றுபவர்களுக்கு: பூட்டில் '1802' என்று திட்டி நின்றால் பயாஸ் அந்தக் கார்டை அனுமதிக்கவில்லை, லினக்ஸ் எதுவும் செய்ய முடியாது. பழைய மினி பிசிஐ கார்டின் ஆன்டெனா முனை பெரியது, எம்.2 கார்டினுடையது சிறியது. அழுத்தி மாட்டி நசுக்கிவிடாதீர்கள்.

ரங்கூனிலிருந்து: எதுவும் சரியாகாவிட்டால் டெபியனுக்கு எப்படி எழுதுவது?

'ரிப்போர்ட்பக்' கருவியில், ஓடுகிற கெர்னல் பொதியின் பெயரில். 'எல்எஸ்பிசிஐ -என்என்கே'யில் அந்தக் கார்டின் பகுதி, டிஎம்இஎஸ்ஜி முழுவதும், 'யூநேம் -ஆர்' மூன்றும் வேண்டும். இவற்றைவிட உதவுவது, கடைசியாக ஒழுங்காக ஓடிய கெர்னலின் எண். அனுப்புமுன் லேப்டாப்பை முழுதாக அணைத்து, சார்ஜரைக் கழற்றி, கழற்ற முடிகிற பேட்டரியையும் எடுத்து, பவர் பொத்தானை 30 நொடி அழுத்திப் பிடித்துவிட்டு மறுபடி சோதியுங்கள். வெறும் ரீபூட்டில் முந்தைய ஓட்டத்தின் ஃபர்ம்வேர் கார்டிலேயே தங்கிவிடலாம். ரீபூட், முழு அணைப்பு இரண்டிலும் வரும் குறையா, ஒன்றில் மட்டுமா என்று ஒரு வரி சேர்த்து எழுதுங்கள்.