டிஸ்க் ஆபரேஷனுக்குப் பிறகு முதுகு எத்தனை வருஷம் தாங்கும்?

இடது காலில் இரண்டு மாதமாகச் சுரீரென்று இழுக்கிறது. ஸ்கேனில் கீழ்முதுகின் எல்4–எல்5 எலும்புகளுக்கு நடுவே மெத்தை போல இருக்கும் டிஸ்க் பிதுங்கியிருக்கிறது. ஒரு டாக்டர் ஆபரேஷன் என்கிறார், இன்னொருவர் பொறுக்கலாம் என்கிறார். யாரை நம்புவது? – முத்தியால்பேட்டை வாசகர்

இரண்டு பேர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. கடுமையான கால்வலியோடு 6 முதல் 12 வாரம் அவதிப்பட்ட 283 பேரை வைத்து நெதர்லாந்தில் ஓர் ஆய்வு நடந்தது. 2007-இல் முடிவு வந்தது. சீக்கிரம் ஆபரேஷன் செய்துகொண்டவர்களுக்கு வலி வேகமாக விட்டது. ஆனால் ஒரு வருடம் கழித்துப் பார்த்தால் சீக்கிரம் ஆபரேஷன் செய்துகொண்டவர்கள், பொறுத்துப் பார்த்தவர்கள் என இரண்டு குழுவிலும் சுமார் 95 சதவீதம் பேர் தேறியிருந்தார்கள். காத்திருந்தவர்களில் 39 சதவீதம் பேர் வலி தாங்காமல் அந்த வருடத்துக்குள்ளேயே ஆபரேஷனுக்குப் போனதையும் சொல்ல வேண்டும்.

அமெரிக்காவில் 8 வருடம் தொடர்ந்து கவனித்த ஆய்வில், ஆபரேஷன் செய்துகொண்டவர்களின் நிலை ஓரளவு மேலாகவே இருந்தது. செய்யாதவர்களும் நன்றாகத்தான் இருந்தார்கள். ஆகவே வேலைக்குப் போக முடிகிறது, ராத்திரி தூக்கம் வருகிறது என்றால் இன்னும் கொஞ்சம் பொறுங்கள். வலியால் குடும்பமே முடங்குகிறது என்றால் ஆபரேஷன் செய்துகொள்ளலாம், பயம் வேண்டாம்.

ஒன்றை மட்டும் வீட்டிலேயே பாருங்கள். சுவரைப் பிடித்துக்கொண்டு குதிகாலில் நில்லுங்கள். முன்பாதம் தூக்க வரவில்லை, நடக்கும்போது செருப்பு தானாக நழுவுகிறது என்றால் நரம்பு பலவீனமாகிறது. அப்புறம் காத்திருப்பது சரியில்லை, உடனே டாக்டரிடம் காட்டுங்கள்.

கணவருக்கு ஆபரேஷன் ஆகி மூன்று வருஷம். கால்வலி போய்விட்டது, முதுகுவலி போகவில்லை. தப்பாகச் செய்துவிட்டார்களா? – கடலூர் முதுநகர் வாசகி

அப்படி நினைக்காதீர்கள் அம்மா. நரம்பை அழுத்தும் துண்டை எடுப்பதுதான் இந்த ஆபரேஷன். தேய்ந்த டிஸ்க் புதிதாகிவிடாது. அதனால் கால்வலிக்குக் கிடைக்கும் பலன் முதுகுவலிக்கு அவ்வளவு உறுதியாகக் கிடைப்பதில்லை. இதை முன்கூட்டியே சொல்லாமல் விடுவதுதான் பல வீடுகளில் மனக்கசப்பாகிறது. பாதத்தில் கொஞ்சம் மரமரப்பு தங்குவதும் உண்டு. தினமும் நடையும் பிசியோதெரபி பயிற்சியும் விடாமல் செய்யச் சொல்லுங்கள்.

மறுபடியும் பிதுங்குமா? – நெய்வேலி வாசகர்

பிதுங்கலாம். அதே அமெரிக்க ஆய்வில் 8 வருடத்துக்குள் சுமார் 15 சதவீதம் பேருக்கு மறுபடி ஆபரேஷன் தேவைப்பட்டது; அதில் பெரும்பகுதி திரும்பப் பிதுங்கியதால்தான். சிகரெட் பழக்கம் அந்த ஆபத்தைக் கூட்டுகிறது. அதை விடுவது உங்கள் கையில் இருக்கிறது.

பலாப்பழ வியாபாரம் எனக்கு. இனி சுமையே தூக்கக் கூடாதா? – பண்ருட்டி வாசகர்

ஆயுசுக்கும் தூக்கக் கூடாது என்பதற்கு ஆதாரம் இல்லை. ஆபரேஷன் முடிந்த முதல் சில வாரம் கனமானதைத் தொடாதீர்கள், நடையை மட்டும் சீக்கிரமே தொடங்குங்கள். அப்புறம் உங்கள் டாக்டரைக் கேட்டுப் படிப்படியாகத் தூக்கலாம். முழங்காலை மடக்கி, பழத்தை நெஞ்சோடு அணைத்துத் தூக்குங்கள். இடுப்பைத் திருப்பியபடி வண்டியில் ஏற்றாதீர்கள்.

இரண்டு காலும் மரத்துப்போகிறது, சிறுநீர் சரியாக வரவில்லை. அடுத்த வாரம் டாக்டரிடம் போகட்டுமா? – வில்லியனூர் வாசகர்

அடுத்த வாரம் வேண்டாம், இப்போதே கிளம்புங்கள். இடுப்புக்குக் கீழே போகும் நரம்புக் கொத்தே நசுங்கியிருக்கலாம். தாமதித்தால் சிறுநீர், மலம் கட்டுப்பாடு திரும்பாமலே போகலாம். புதுச்சேரி ஜிப்மர் மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குப் போய், முதல் வார்த்தையாகச் சிறுநீர் வரவில்லை என்பதைச் சொல்லுங்கள். பிறப்புறுப்பைச் சுற்றி உணர்ச்சி குறைந்திருந்தால், கூச்சப்படாமல் அதையும் சொல்லுங்கள்.